அளப்பது எதை?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அளக்கவேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்ததை யாருக்குக் காட்டுவது என்னும் மூன்று வினாக்களில்தான் வழக்கே இருக்கிறது. நம் விடுதிகளின் இணையத் தொடர்பைப் பற்றி இவ்வாண்டு முழுதும் நடந்துவரும் வாதத்தை உற்றுக் கேட்டவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள்.

நண்பர்களே! புதிதாக வந்துள்ள முதலாண்டு மாணவர்களுக்காக நிலைமையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். வளாகத்தின் நடுவே உயர்ந்த கட்டடத்தின் மாடியில் ஒரு கோபுரம். அதில் ஒரு ரேடியோ. வளாகத்தின் ஓரங்களில் ஏழு விடுதிகள். ஒவ்வொன்றின் மொட்டைமாடியிலும் கோபுரத்தையே நோக்கி நிற்கும் சிறு ஆன்டெனா ஒன்று. கோபுரத்திலிருந்து விடுதிவரை கம்பி கிடையாது, காற்றுவெளிதான் பாதை. ஒரு முனையிலிருந்து பல முனைகளுக்குச் செய்தி செல்வதால் இதை ஒருமுனைப் பன்முனை இணைப்பு என்பர். 2018-இல் இந்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை உரிமம் இன்றியே பயன்படுத்த இசைவளித்தது. அதன்பின் நம் நாட்டுக் கல்வி நிலையங்களும் சிற்றூர்களும் இம்முறையை எளிதில் மேற்கொள்ள முடிந்தது. நல்ல முறை, செலவு குறைந்த முறை. அதில் குறை காண்பது என் நோக்கம் அன்று.

குறை எங்கே? இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை கடைசி விடுதியில் எதுவும் நடப்பதில்லை. ஆய்விதழ் ஒன்றைத் திறக்க முயன்றால் பாதியில் நின்றுபோகிறது. ஊரிலிருக்கும் தாயின் முகத்தைத் திரையில் காண விரும்பினால் முகம் உறைந்து நிற்கிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வளவையும் எடுத்துச் சொன்னபோது, பொறுப்பில் உள்ளவர்கள் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். கோபுரத்தின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவாகிறதாம். ஐந்தில் நான்கு பங்கு சும்மா கிடக்கிறதாம். "வரைபடம் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்கள்.

வரைபடம் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். கேள்வியே தவறானால் விடை சரியாக இருந்து என்ன பயன்?

அந்த வரைபடம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். ரேடியோவிலும் சுவிட்சிலும் ஒவ்வொரு வாயிலிலும் ஓர் எண்ணி இருக்கிறது. எத்தனை பைட்டுகள் உள்ளே வந்தன, எத்தனை வெளியே போயின என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். 1988 முதல் வழங்கிவரும் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையின்படி, மேற்பார்வைக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு வாங்கும். முந்தைய எண்ணை இதிலிருந்து கழித்து, 300 நொடிகளால் வகுத்துக் கோடு வரையும். தொண்ணூறுகளின் நடுவில் டோபியாஸ் ஊட்டிக்கர் இயற்றிய எம்.ஆர்.டி.ஜி. என்னும் மென்பொருள் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அதன் ஐந்து நிமிடக் கணக்கே இன்றும் பல அலுவலகங்களில் வேதவாக்காக இருக்கிறது.

இதில் முதற்குறை சராசரி. ஒரு நிமிடம் வழி முழுவதும் அடைபட்டு, மற்ற நான்கு நிமிடம் வெறிச்சோடிக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடச் சராசரி நூற்றுக்கு இருபது என்று காட்டும். அந்த ஒரு நிமிடத்தில் பேசிக்கொண்டிருந்தவனுக்குப் பேச்சு அறுந்தது. அறுந்த பேச்சுக்கு வரைபடத்தில் இடமில்லை. சராசரி மூன்றடி ஆழமுள்ள ஆற்றில் இறங்கியவன் நடுச்சுழியில் மூழ்கினால், சராசரி அவனைக் கரை சேர்க்குமா?

இரண்டாம் குறை எண்ணியினுடையது. பழைய எண்ணிகள் 32 பிட் அளவுடையவை. 4,294,967,296 என்னும் எண்ணைத் தொட்டதும் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் ஓடினால் ஏறத்தாழ 344 நொடியில் ஒரு சுற்று முடியும். 200 மெகாபிட் ஓடினால் மூன்று நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கு இடையில் ஒரு முழுச்சுற்று போனதே தெரியாது. உண்மையைவிடக் குறைவான அளவையே அவர் தாளில் வரைவார். 64 பிட் எண்ணிகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்; அவ்வளவே.

இவ்விரண்டும் திருத்திக்கொள்ளக்கூடிய சிறு குறைகள். மூன்றாவதே பெருங்குறை. அது கருத்திலேயே உள்ள குறை. கம்பிக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அது பெரும்பாலும் மாறுவதில்லை. காற்றுவெளிக்கு அப்படி ஒரு மாறாத கொள்ளளவு கிடையவே கிடையாது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொள்ளளவு என்று நம்பி, அதில் எத்தனை பங்கு செலவு என்று கணக்கிடுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 1999-இல் வகுக்கப்பட்ட 802.11ஏ தரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மிக உயர்ந்த வேகம் நொடிக்கு 54 மெகாபிட். மிகத் தாழ்ந்த வேகம் 6 மெகாபிட். அலை வலுவாகச் சேரும் அருகிலுள்ள விடுதியோடு ரேடியோ 54-இல் பேசும். அலை மெலிந்து சேரும் தொலைவு விடுதியோடு, பிழை நேராதிருக்க, நிதானமாக 6-இல் பேசும். பேரிரைச்சலில் நாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வதில்லையா? அதைப் போன்றதே இது. இப்போது இரு விடுதிக்கும் ஆளுக்கு 6 மெகாபிட் செய்தி அனுப்புவோம். அருகில் உள்ளதற்கு ஒன்பதில் ஒரு பங்கு நொடி போதும். தொலைவில் உள்ளதற்கு முழுதாக ஒரு நொடி வேண்டும். ஆக 12 மெகாபிட் அனுப்ப ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் குறைவாக, 1.11 நொடி ஆயிற்று. நொடிக்கு 10.8 மெகாபிட்! இடையே வரும் மற்றச் செலவுகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் குறையும்.

இந்த 10.8-ஐ 54-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக நூற்றுக்கு இருபது. வரைபடம் "ஐந்தில் நான்கு பங்கு காலி" என்கிறது. ஆனால் காற்றிலோ ஓர் இமைப்பொழுதுகூடக் காலி இல்லை. ஒவ்வொரு கணமும் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. வரைபடமும் மெய், விடுதி மாணவரின் புலம்பலும் மெய். அளவுகோல்தான் தவறு.

இது நான் புதிதாகக் கண்டது அன்று. 2003-லேயே பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள், வை-ஃபை வலையில் மெதுவாகப் பேசும் ஒருவர் விரைவாகப் பேசும் எல்லாரையும் தம் வேகத்துக்கே இழுத்துவிடுகிறார் என்று விளக்கி எழுதினர். அனைவருக்கும் பேசும் முறை சமமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒருவர் ஒரு முறையில் எடுத்துக்கொள்ளும் நேரம் சமமாக இல்லை என்பதே அதன் சாரம். 2017-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும் பிறரும் லினக்ஸ் இயங்குதளத்தில் நேரத்தையே சமமாகப் பங்கிடும் முறையைச் செய்து காட்டினர்.

இன்னும் பின்னோக்கிப் போவோம். காற்றுவழிக் கணினி வலைகளுக்கெல்லாம் முன்னோடி, 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் அமைத்த அலோஹா வலை. தீவுகளில் இருந்த முனைகள் நடுவிலுள்ள ஒரு நிலையத்தோடு பேசின. வேகம் நொடிக்கு 9,600 பிட். செய்தி கைக்கு வந்ததும் யாரும் யாரையும் கேளாமல் அனுப்பிவிடலாம். மோதிச் சிதைந்தால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும். இம்முறையில் எவ்வளவு முயன்றாலும் கொள்ளளவில் நூற்றுக்கு 18.4-க்குமேல் பயன்பெற முடியாது என்பது கணிதம் கண்ட முடிவு. அதற்குமேல் ஆட்கள் பேச முற்பட்டால் மோதல் பெருகிப் பயன் குறையும். நேரத்தைத் துண்டுகளாக்கித் துண்டின் தொடக்கத்தில்தான் அனுப்பலாம் என்று விதித்தபின் அது இரட்டிப்பாகி 36.8 ஆயிற்று. அலோஹா வலையை ஐந்து நிமிட வரைபடத்தில் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "18 விழுக்காடுதானே, 82 காலி!" என்றிருப்பார்கள். உண்மையில் அந்தப் பதினெட்டே அதன் நிறைவு.

ஆகவே அளக்கவேண்டியது பைட்டை மட்டும் அன்று, காலத்தை. கோபுரத்து ரேடியோ ஒரு நொடியில் எவ்வளவு நேரம் பேச்சில் செலவிட்டது? அதில் எந்த விடுதிக்கு எவ்வளவு? ஒரே செய்தியை எத்தனை முறை திரும்ப அனுப்ப நேர்ந்தது? ஒவ்வொரு விடுதியோடும் எந்த வேகத்தில் பேசியது? இவைதாம் கேள்விகள். இவற்றுக்குரிய எண்களைப் புதிய ரேடியோக்களில் பல தாமே காட்டுகின்றன.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழ் மாணவர்களாகிய நமக்கு அயல்நாட்டு நூல் வேண்டியதில்லை. கண்மாய்ப் பாசனம் நடக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள் நம்முள் பலர். மடை ஒன்று, வயல்கள் பல. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். நீர்பாய்ச்சி எத்தனை குடம் என்று எண்ணுவதில்லை. எவ்வளவு நேரம் என்றுதான் கணக்கு வைப்பார். மடைக்கு அருகிலுள்ள வயல் விரைவில் நிறையும். கடைமடை வயலுக்கு வாய்க்காலே பாதி குடித்துவிடும். மீதிதான் வந்து சேரும். கடைமடைக்காரன் நெடுநேரம் தண்ணீர் விட்டுக்கொள்கிறான் என்பதற்காக அவனைப் பேராசைக்காரன் என்று ஊர் சொல்வதில்லை. வாய்க்காலைத் தூர்வாரவேண்டும் என்றுதான் சொல்லும்.

இங்கே நேர்ந்தது என்ன? கடைசி விடுதியார் இரவெல்லாம் திரைப்படம் பார்த்துப் பிறர் பங்கையும் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அவ்விடுதியின் தொடர்பை இரவு பதினொரு மணிக்குமேல் துண்டிக்கவேண்டும் என்று யோசனை வந்தது. அவர்கள் பார்ப்பது திரைப்படமோ, பாடமோ, அது வேறு. ஒரே பாடத்தை இரு விடுதியாரும் பார்த்தாலும் கடைசி விடுதிக்கு ஒன்பது மடங்கு காற்று செலவாகக்கூடும் என்பதை மேலே கண்டோம். அது அவர்கள் குற்றமா? தொலைவு ஒருவனுடைய ஒழுக்கக்கேடு ஆகுமா? புதிதாகக் கட்டிய விடுதி ஓரத்தில்தான் அமையும். தாமதமாக இடம் கிடைத்தவர்கள்தாம் அங்கே போவார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த நம்மவர் அங்கே மிகுதி என்பது தற்செயல் அன்று. அதற்காக நான் நம்மவர்க்கென்று தனிச்சலுகை கேட்கவில்லை. அங்கே ஒடியரும் மலையாளியும் அசாமியரும் நம்மோடுதான் காத்திருக்கிறார்கள்.

நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் போதுமே என்று சிலர் கேட்கலாம். பங்கிடலாம். அருகிலுள்ளவர்களின் இடர் அதனால் தீரும். ஆனால் கடைமடைக்கு அதே நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு செய்திதான் வந்து சேரும். சமநேரம் மட்டும் நீதி ஆகாது; வாய்க்காலையும் செப்பனிட வேண்டும். இயற்பியல் வழி காட்டுகிறது. தொலைவு இரட்டித்தால் அலையின் வலு நான்கில் ஒன்றாகும், அது மாற்றமுடியாதது. மற்றவை மாற்றக்கூடியவை. 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பும் அலைக்கு, நடுவழியில் 3.6 மீட்டர் ஆரமுள்ள வெளியில் பெரும்பகுதி தடையின்றி இருக்கவேண்டும். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. மழைக்காலத்தில் தழைத்த மரக்கிளைகள் அவ்வெளியில் நுழைந்தால், ஈரம் நிறைந்த இலைகள் அலையை விழுங்கும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஆன்டெனாக் கம்பத்தை நான்கு மீட்டர் உயர்த்தலாம். திசை பிசகிய ஆன்டெனாவைத் திருப்பி நிறுத்தலாம். அதுவும் போதாவிட்டால் அந்த ஒரு விடுதிக்கு மட்டும் ஒளியிழை போடலாம். அப்போது எஞ்சிய ஆறு விடுதிகளுக்கும் காற்று மிச்சமாகும். எது வேண்டும் என்பதைச் சரியான அளவீடுதான் சொல்லும். ஐந்து நிமிட வரைபடம் சொல்லாது.

அளவீடு தேவை என்று நாம் சொன்னதும், இன்னொரு யோசனை புறப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார் என்று பட்டியலிடும் கருவியை வாங்கலாமாம். இதை நாம் அறவே மறுக்கவேண்டும். எண்ணிகள் எண்ணுவது பைட்டை. ரேடியோ எண்ணுவது நேரத்தை. இரண்டுக்கும் பெயர் தேவையில்லை; உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தேவையில்லை. நீர்பாய்ச்சி உன் வயலில் நெல்லா, மிளகாயா என்று கேட்டு மடை திறப்பதில்லை. நமக்கு வேண்டியவர் நீர்பாய்ச்சி, ஒற்றர் அல்லர். தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்த நாடு இது. விடுதி வாயிலில் அத்தீர்ப்பு நின்றுவிடுவதில்லை.

"ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பவரும் உளர். கைபேசிக் கோபுரமும் ஒன்றிலிருந்து பலருக்குப் பகிரும் அமைப்பே. அங்கும் இதே கணக்குத்தான். அன்றியும் பல்கலைக்கழகம் சந்தா கட்டியுள்ள ஆய்விதழ்கள் வளாகத்து வலைவழியாகவே எளிதில் திறக்கின்றன. மாதந்தோறும் கைபேசிக்குப் பணம் கட்டிப் படி என்பது, கடைமடைக்காரனைப் பார்த்துக் கிணறு வெட்டிக்கொள் என்பதற்கு ஒப்பாகும். வெட்ட வசதி உள்ளவன் வெட்டுவான், இல்லாதவன்?

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் மையங்களோடு நெடுந்தொலைவு வை-ஃபை வழியாக இணைக்கும் பணியை, 2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவமனையாருடன் சேர்ந்து செய்தனர். சிற்றூரில் அமர்ந்திருக்கும் நோயாளியை மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். வழக்கமான வை-ஃபை முறை நெடுந்தொலைவில் தடுமாறுவதைக் கண்ட ஆய்வாளர்கள், நேரத்தைத் துண்டு போட்டுப் பேசும் முறையை அங்கே வகுத்தனர். சராசரி நன்றாக இருக்கிறது என்று அவர்கள் மனநிறைவு கொள்ளவில்லை. பேசும் அந்த நேரத்தில் தொடர்பு நிற்கிறதா என்றே பார்த்தார்கள்.

நாம் கேட்பவை நான்கே. முதலாவது, ஒவ்வொரு விடுதிக்கும் செலவாகும் காற்றுநேரத்தையும், பேசும் வேகத்தையும், திரும்ப அனுப்பியவற்றையும் பைட்டோடு சேர்த்துப் பதிவுசெய்க. இரண்டாவது, சராசரியோடு உச்சத்தையும் காட்டுக. சிறு செய்தி ஒன்று போய்த் திரும்ப ஆகும் நேரத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்து வைக்க. மூன்றாவது, அளவு விடுதிவாரியாக இருக்கட்டும்; ஆள்வாரியாக வேண்டா. நான்காவது, வாரந்தோறும் அக்கணக்கை உணவுக்கூடத்து அறிவிப்புப் பலகையில் எல்லாரும் காண ஒட்டுக. கண்மாய்த் தண்ணீர் ஊரறியப் பாய்வதால்தான் வரப்புச் சண்டை குறைகிறது. கணக்கு அறைக்குள் இருந்தால் ஐயம் வளரும். வெளியே வந்தால் ஐயம் அடங்கும்.

இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. மென்பொருள் பலவும் விலையின்றிக் கிடைக்கின்றன. நிறுவிப் பேணும் வேலையை இயற்பியல், கணிப்பொறித் துறை மாணவர்கள் மகிழ்ந்து செய்வர். அது அவர்களுக்குப் படிப்புமாகும். நம் சங்கம் இதைத் தனித்துக் கேளாமல், பிற மொழி மாணவர் சங்கங்களையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரே விண்ணப்பமாகத் தரவேண்டும். ஏழு விடுதிச் செயலாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். கோபுரத்துக்கு மிக அருகில் உள்ள விடுதியார் முதலில் கையெழுத்திட்டால் இன்னும் நன்று. கடைமடை செப்பனிடப்பட்டால் அவர்கள் காற்றும் பெருகும் என்பதைக் கணக்கே காட்டிவிட்டதன்றோ!

அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானத்தை நான் முன்மொழிய இருக்கிறேன். மறுப்பவர்கள் தங்கள் கணக்கோடு வருக. ஒத்துக்கொள்பவர்கள் தங்கள் கையெழுத்தோடு வருக.